புதுப்பக்கத்துக் கல்லறை

அந்தக் கல்லைப் படிக்க எந்த வித்தையும் தேவைப்படவில்லை. மோரீனின் தோள்பையில் பாசி துடைக்கும் மெல்லிய தூரிகை இருந்தது, தண்ணீர் தெளிக்கும் குப்பி இருந்தது, வெயிலைச் சாய்வாகத் திருப்பி அழிந்த எழுத்தின் நிழலைப் பிடிக்கிற கைக்கண்ணாடி இருந்தது, மண்டியிட ரப்பர் மெத்தைகூட இருந்தது. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் இந்தச் சாமான்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, சர்ச் சர்ச்சாக அலைந்தவள். இருநூறு வருடத்து மழையில் கரைந்துபோன கல்லிலிருந்துகூட ஒரு பெயரைக் கறந்துவிடுவாள் என்று குடும்ப வரலாற்றுச் சங்கத்தில் அவளுக்குப் பேர். இதுவோ பளபளவென்று தேய்த்த கறுப்புக் கிரானைட். தங்க எழுத்துகள் பத்தடி தூரத்திலேயே கண்ணைக் குத்தின. ஆல்பெர்ட் கேல், 1910 – 1968. அவர் மனைவி வினிஃப்ரெட், 1913 – 1979. ஜோன், டெரிக் ஆகியோரின் அன்புத் தாய். மோரீன் அதை மூன்று முறை படித்தாள். முதல் இரண்டு முறை விஷயத்துக்காக. மூன்றாவது முறை, இன்னொரு பெயர் எங்காவது ஓரத்தில் பொடி எழுத்திலாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இல்லை.

"இதுதானா?" என்றான் அவள் கணவன் கீத். தேநீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்றான். பதினோரு வருடமாக அவன் உத்தியோகம் அதுதான், கார் ஓட்டுவதும் பிளாஸ்க் பிடிப்பதும்.

"இதுதான்."

"இங்க நாம ஏற்கெனவே வந்திருக்கோமே, மோ. மூணு தடவை."

"தெரியும்."

"அதோ அந்த பெஞ்சுல உக்காந்துதான் சாண்ட்விச் சாப்பிட்டோம். நான்கூட இந்தக் கல்லைப் பாத்து, இவ்வளவு அசிங்கமான கல்லை வைக்க எப்படி விட்டாங்கன்னு..."

"கீத், கொஞ்சம் வாயை மூடிட்டு இரேன்."

அவன் சொன்னது அவ்வளவும் உண்மை, அதனால்தான் அவளுக்கு எரிச்சல். ஆஷ்கோம் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தை ஒரு வேலி இரண்டாகப் பிரிக்கிறது. சர்ச்சைச் சுற்றி இருப்பது பழைய பக்கம். வேலிக்கு அந்தப்புறம் ஐம்பதுகளில் வாங்கிச் சேர்த்த புல்வெளி, புதுப்பக்கம். முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பாசி படியாத கல் அவர்கள் கண்ணுக்குக் கல்லே அல்ல. எழுத்து சுலபமாகத் தெரிந்தால் அதில் என்ன பெருமை இருக்கிறது? மோரீன் மூன்று தடவையும் பழைய பக்கத்தில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஸ்பேரி என்கிற குடும்பப் பெயரில், 1934-ஆம் வருடத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணை. புதுப்பக்கத்து பெஞ்ச் சாப்பிடுவதற்குத்தான்.

அந்த வருடத்தைக் கொடுத்தவர்கள் குடும்பத்தார். மோரீனின் அப்பா லென் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்தவர். தாய்மாமன் வீட்டில், ஏழு மைல் தள்ளியிருக்கும் மார்லே கிராமத்தில் வளர்ந்தார். உனக்கு இரண்டு வயதாகும்போது உன் அம்மா நெஞ்சுச்சளியில் போய்விட்டாள், எங்கே புதைத்தார்கள் என்று ஞாபகமில்லை என்று மாமனும் அத்தையும் சொல்லிவிட்டார்கள். உடன்பிறந்தவளைப் புதைத்த இடம் ஞாபகமில்லாத அண்ணன் உலகத்தில் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் கேள்விகளை விழுங்கிவிட்டு உருளைக்கிழங்கைச் சாப்பிடுவதுதான் வழக்கம். பள்ளிக்கூடச் சமையல் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிய மோரீன், அப்பாவுக்காக அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியதும் அப்பாவுக்குப் போன் செய்வாள். எடுத்தவுடன் அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"கிடைச்சாளா?"

"இல்லப்பா. அடுத்த வாரம் பாக்கலாம்."

போன நவம்பரில் ஆஸ்பத்திரியில், சுவாசக் குழாய் பொருத்துவதற்கு முன்னால் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என்னைக்காவது கண்டுபிடிச்சேன்னா என்னை அங்க போட்டுடு. அம்மாகிட்ட." எண்பத்து மூன்று வயது மனிதர் அம்மா என்று சொன்ன விதம் அவளுக்குத் தாங்கவில்லை. சரிப்பா என்று வாக்குக் கொடுத்தாள். அவருடைய சாம்பல் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் ஜாடியில் வந்தது. துணி அலமாரியில் குளிர்காலக் கோட்டுகளுக்குக் கீழே வைத்திருந்தாள்.

விஷயம் உடைந்தது ஜனவரியில். போர் தொடங்கிய 1939-ல் அரசாங்கம் வீடு வீடாக ஆள் கணக்கெடுத்துப் பெரிய பதிவேடு ஒன்று போட்டது. அதில் அவள் தன் பாட்டியை ஒருபோதும் தேடியதில்லை. 1934-ல் செத்தவளை 1939-ல் உயிரோடு இருந்தவர்கள் பட்டியலில் எவராவது தேடுவார்களா? மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அப்பாவின் மாமனைப் பற்றி ஏதோ பார்க்கப் போனவள், சும்மா ஸ்பேரி என்று மட்டும் தட்டினாள். வினிஃப்ரெட் ஸ்பேரி, பிறப்பு 3 மே 1913, வீட்டு வேலைக்காரி என்று வந்து நின்றது. அந்தப் பதிவேட்டில் ஒரு பழக்கம் இருந்தது. பெண்ணுக்குப் பிற்பாடு கல்யாணமானால் குமாஸ்தா பழைய குடும்பப் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு மேலே புதுப்பெயரை எழுதுவார். ஸ்பேரியின் மேல் கோடு விழுந்திருந்தது. பச்சை மையில் கேல் என்று இருந்தது. மோரீன் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அது கொதித்துச் சுண்டும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

வினிஃப்ரெட் கேல் இறந்தது 1979-ல், ஆஷ்கோமில். மோரீனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வருடத்தின் கோடையில் அவளும் கீத்தும் நிச்சயம் செய்துகொண்டார்கள். ஒரு பாட்டி ஏழு மைலில் இருந்திருக்கிறாள். கேக் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

ஆறு கிராமத்துக்கு ஒரே பாதிரியாராக ஓடிக்கொண்டிருக்கும் ஃபிலிப்பா போனில் நல்லவிதமாகத்தான் பேசினாள். இந்த ஊர்க்காரராக இல்லாதவருக்குத் தனி இடம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் குடும்பக் கல்லறையில் சாம்பலைச் சேர்ப்பதென்றால் அந்தக் குடும்பத்தார் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். ஜோன் போய்ச் சேர்ந்துவிட்டாள், மிச்சமிருப்பது டெரிக் ஒருவர்தான். "நல்ல மனுஷர். நம்ம தோட்டத்துப் புல்லையெல்லாம் அவர்தான் பாத்துக்கிறார். ஆனா மெதுவா சொல்லுங்க" என்றாள்.

டெரிக் கேலின் வீடு சர்ச்சுக்கு நேரெதிரே. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் மோரீன் சொல்ல வந்ததை மறந்துவிட்டாள். எழுபது வயது, வழுக்கை, குட்டையான உருவம், எதிலும் அப்பாவின் சாயல் இல்லை. காது மட்டும் அச்சு அசலாக அப்பாவுடையது. கீழ்மடல் நீளமாக, உள்பக்கம் லேசாக மடிந்து. முறைக்கு இவர் சித்தப்பா. சித்தப்பாவோ அவளுடைய பையைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"பிளாஸ்டிக் பூ விஷயமா? அதான் நோட்டீஸ் போட்டிருக்கேனே. பிளாஸ்டிக்கும் கூடாது, காத்தாடியும் கூடாது. நான் எடுத்துப் போட்டதெல்லாம் கொட்டாயில பத்திரமா இருக்கு, வேணும்னா வந்து பொறுக்கிக்கோங்க."

"பூ விஷயம் இல்லைங்க. உங்க அம்மா விஷயம்."

உள்ளே உட்கார வைத்தார். தேநீர் கொடுத்தார், தட்டில் இஞ்சி பிஸ்கட் வைத்தார். மனைவி போய் ஆறு வருடமாம், ஆனால் பீங்கானெல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மோரீன் மெதுவாகத்தான் சொன்னாள். பாதி வழியிலேயே அவர் பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

"எங்கம்மாவுக்கு ரெண்டே பிள்ளைங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி..."

"ரெண்டே பிள்ளைங்கன்னு சொன்னேன்மா. ஒரே பேர்ல ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க."

அவள் அப்பாவின் பிறப்புச் சான்றிதழை மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் பதிவேட்டின் நகலை வைத்தாள், அதற்குப் பக்கத்தில் அவருடைய பெற்றோரின் கல்யாணச் சான்றிதழை வைத்தாள். மூன்றையும் ஒன்றோடொன்று மூலை தட்டாமல் நேராக அடுக்கினாள். இந்தக் காரியத்தை அவள் சங்கத்துக் கூட்டத்தில் எத்தனையோ முறை செய்து கைதட்டு வாங்கியிருக்கிறாள். இங்கே யாரும் தட்டவில்லை. டெரிக் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்த இடத்தில் விரல் நின்றது.

"இருபது வருஷம் மதர்ஸ் யூனியன் செயலாளரா இருந்தவ எங்கம்மா" என்றார். "தாய்மார் சங்கத்துக்கு. கெட்டுப்போன பொண்ணுங்களைப் பத்தி அவ பேசுனதை நீ கேட்டிருக்கணும். இந்தத் தெருவுல ஒருத்தி, பதினேழு வயசு, அப்படி ஆயிப்போச்சு. அவ வீட்டுக்காரங்களுக்கு சர்ச்சுல யாரும் கை குடுக்கக்கூடாதுன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தா. மழையில போய்ச் சொன்னா."

"தன்னைப் பத்திப் பயமா இருந்திருக்கும்" என்றான் கீத், ஆறுதலாக.

"நீங்க சும்மா இருங்க" என்றார் டெரிக். மோரீனுக்கும் அதையே சொல்லத் தோன்றியது.

பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். அவர் காகிதங்களை மடித்து அவள் பக்கம் தள்ளவும் செய்தார். என் அப்பா எப்படி இருப்பார் என்றாவது பாருங்கள், உங்கள் காது அவருக்கு இருந்தது என்று சொல்லி மோரீன் ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். 1958-ல் எடுத்தது. லென் பஸ் கம்பெனியின் உடுப்பில், மார்லே பணிமனை வாசலில் தன் பஸ்ஸில் சாய்ந்து நிற்கிறார். ஓட்டுநரே டிக்கெட்டும் கிழித்துக் கொடுக்கும் கிராமத்து பஸ். ஆறடி இரண்டங்குல மனிதர், தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார். டெரிக் வேண்டாவெறுப்பாக வாங்கினார். பிறகு எழுந்துபோய் வேறு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நின்று பார்த்தார்.

"இவனா?"

"தெரியுமா அவரை?"

"இந்த நெட்டையனா?"

வெளியே ரோட்டின் வளைவில் பஸ் நிறுத்தத்தின் கம்பம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அவர்களுக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்.

"வியாழக்கிழமை சந்தை. ஒன்பது பத்துக்கு பஸ். எனக்குப் பத்து, பதினொண்ணு வயசிருக்கும், லீவு நாள்ல அம்மாவோட போவேன். நான் முன்னாடி ஓடிப்போய் வளைவுல நிக்கணும். யார் ஓட்டுறான்னு பாக்கணும். கிழவன் வந்தா ஒண்ணுமில்ல. இந்த நெட்டையன் வந்தா நான் தொப்பியைக் கழட்டணும். அதுதான் அடையாளம். நான் தொப்பியைக் கழட்டுனா அம்மா கூடையைத் தூக்கிட்டு சர்ச் சுவருக்குப் பின்னாடி போயிடுவா. பஸ் போறவரைக்கும் வரமாட்டா. அப்புறம் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். மழை பேஞ்சாலும் ஒன்றரை மணி நேரம்."

மோரீன் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"அவன் ஆனா நிறுத்துவான். யாரும் கை காட்டலன்னாலும் நிறுத்துவான். கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பான். பின்னாடி இருக்கிறவங்க சத்தம் போடுவாங்க, என்னப்பா யாரும் இல்லையேன்னு. ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் எடுப்பான். ஒரு நாள் என்னைப் பாத்து, அம்மா நல்லா இருக்காங்களா தம்பின்னு கேட்டான். நான் போய் அப்படியே சொன்னேன். பளார்னு ஒண்ணு விட்டா கன்னத்துல. எங்கம்மா என்னை அடிச்சது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்." அவர் கன்னத்தைத் தொட்டுக்கொள்ளவில்லை, ஆனால் கை பாதிவரை எழுந்து இறங்கியது. "அவன் ஏதோ கெட்டவன், அம்மாகிட்ட வம்பு பண்ணியிருக்கான்னு நெனச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. இது மோரீனுக்கு உடனே உறைக்கவில்லை. முதலில் பாட்டி மேல்தான் ஆத்திரம் வந்தது. சுவருக்குப் பின்னால் கூடையோடு குனிந்து நிற்கும் பெண்பிள்ளையை அவளால் பார்க்க முடிந்தது, பார்க்கப் பார்க்க வெறுப்பாக இருந்தது. பிறகுதான் மற்றது வந்து விழுந்தது. அப்பாவுக்கு 1950-களிலேயே தெரியும். முகவரியோடு தெரியும். வண்டி மாற்றித் தருகிறோம், நகரத்துப் பாதையில் சம்பளம் அதிகம் என்று கம்பெனி கேட்டபோதெல்லாம் மாட்டேன் என்று சொல்லி, ஓய்வு பெறும்வரை இதே பாதையில் ஓட்டியவர். மோரீனின் அம்மாவும் அவரும் அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஞாயிறுதோறும் கிடைச்சாளா, கிடைச்சாளா என்று கேட்டது என்ன? பதினோரு வருடம் மகளை மழையிலும் சேற்றிலும் அலையவிட்டு, தொலைபேசியின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் என்னதான் செய்துகொண்டிருந்தார்? ஆஷ்கோமுக்குப் போய்வந்ததாக அவள் முதல்முறை சொன்ன அன்று அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "எந்தப் பக்கம் பாத்தே?" என்று கேட்டது இப்போது ஞாபகம் வந்தது. பழைய பக்கம்தான்பா, புதுப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்றாள் இவள். ஆமாமா என்றார் அவர். அப்புறம் கீத்தின் முழங்கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலிக்கு அந்தப்பக்கம் போய்ப் பார் என்று அவ்வளவுதான். செத்துப்போன மனிதரோடு சண்டை போட முடியவில்லையே என்று அவளுக்கு ஆங்காரமாக வந்தது.

டெரிக் இழுப்பறையைத் திறந்து பேனா எடுத்தார். ஃபிலிப்பா தபாலில் அனுப்பி மோரீன் கொண்டுவந்திருந்த சம்மதத் தாளை மேசைமேல் விரித்தார்.

"கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத் தர்றேன்னு வச்சுக்கோ. ஆனா கல்லுல பேர் வராது."

"சின்னதா ஒரு தகடு..."

"தகடும் வராது, சட்டியும் வராது, பூவும் வராது. எங்கப்பா அங்க படுத்திருக்காரும்மா. அவருக்கு இது தெரியாது. தெரியாமலே போய்ச் சேந்தார், அப்படியே இருக்கட்டும். கால்மாட்டுல போடுவோம், ஓரமா. வேலை நாள்ல, காலையில, ஊர் எந்திரிக்கிறதுக்குள்ள. குழியை நானே தோண்டுறேன், வேற யாரையும் கூப்பிட வேண்டாம்."

காரில் ஏறியதும் கீத் சாவியைப் போடாமல் இருந்தான். பிளாஸ்க்கைக் காலடியில் வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான்.

"விட்டுடலாம், மோ. நம்ம தோட்டத்துலயே ரோஜாச் செடிக்கு அடியில போடலாம். பேர் எழுதி வைக்கலாம். இந்தப் பொம்பளை அவரை உயிரோட இருக்கும்போதே வேண்டாம்னுட்டா. அவ கால்மாட்டுல திருட்டுத்தனமா எதுக்கு?"

"அவர் கேட்டது இதைத்தான்."

"அவர் என்னத்தையாவது கேட்டிருக்கட்டுமே. உனக்கு என்ன தோணுது?"

மோரீன் கார்க் கண்ணாடி வழியாக அந்தச் சர்ச் சுவரைப் பார்த்தாள். ஓர் ஆள் குனிந்தால் மறையும் உயரம்தான்.

"போட்டுடலாம்" என்றாள். "இனிமே எந்திரிச்சு அடுத்த பஸ்ஸுக்குப் போக முடியாதுல்ல அவளால."

சொன்னபிறகு அவளுக்கே திக்கென்றது. கீத் சாவியைத் திருகி வண்டியை எடுத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஃபிலிப்பா மழைக்கோட்டின் மேலேயே அங்கியை மாட்டியிருந்தாள், ஒன்பதரைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை. டெரிக் முன்னதாகவே வந்து எல்லாம் தயார் செய்திருந்தார். அவர் நாற்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரித்தவராம், ஃபிலிப்பா தாழ்ந்த குரலில் சொன்னாள். அது குழியைப் பார்த்தாலே தெரிந்தது. புல்லை ஓரடிச் சதுரமாகக் கத்தியால் அறுத்து, வேர் குலையாமல் ஒரே பாளமாகப் பெயர்த்துச் சாக்கின் மேல் வைத்திருந்தார். தோண்டிய மண்ணை ஒரு துளி புல்லில் சிந்தாமல் தள்ளுவண்டியில் குவித்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஜாடியோடு புதைக்க அனுமதி இல்லை, சாம்பலை நேராக மண்ணில் கொட்ட வேண்டும். மோரீன் மண்டியிட்டுப் பச்சை ஜாடியைச் சாய்த்தாள். ஆறடி இரண்டங்குல மனிதர் சத்தமில்லாமல் இறங்கினார். மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல் என்று ஃபிலிப்பா படித்தாள். லெனர்ட் என்று அப்பாவின் முழுப்பெயரை அவள் சொன்னபோது டெரிக் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வேறு யாரும் இல்லை. அழ வேண்டும் என்று மோரீன் நினைத்தாள், வரவில்லை. அப்பாவோடு இன்னும் பேச்சை முடிக்காத மாதிரி இருந்தது. ஃபிலிப்பாவை வழியனுப்பக் கீத்தும் அவளும் வாசல்வரை போனார்கள். பதிவேட்டில் எழுத வேண்டிய தேதியும் வயதும் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஃபிலிப்பா அவளை இறுக அணைத்து விடுவித்துவிட்டுக் காரில் ஏறினாள். பதிவேட்டில் பெயர் இருக்கும், அது போதுமே என்றான் கீத். அந்தப் பதிவேடுகளை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று மோரீனுக்குத் தெரியும். ஐம்பது வருடம் கழித்து ஏதோ ஒரு மோரீன் வருவாள், தேடுவாள், பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அவள் திரும்பி வந்தபோது டெரிக் வேலையை முடித்துவிட்டிருந்தார். பாளத்தை வைத்து மூடி, முழங்கால் போட்டு அழுத்தி, சீப்பு மாதிரியான எதையோ வைத்துப் புல்லை ஒரே வாட்டத்தில் வாரிவிட்டு, கல்லறையின் நீளம் முழுக்கப் பூவாளியால் தண்ணீர் தெளித்திருந்தார். முகம் சிவந்து வியர்த்திருந்தது. இரண்டு சந்திப்பிலும் அவள் பார்க்காத ஒரு களை அவரிடம் இருந்தது.

"வா, வா. இப்ப பாரு" என்றார். "எங்கன்னு நீயே சொல்லு பாக்கலாம்."

மோரீன் பார்த்தாள். கால்மாடு முழுக்க ஒரே பச்சையாக, ஒரே ஈரமாக இருந்தது. எந்தப் பக்கத்து ஓரம், எவ்வளவு தள்ளி என்று எல்லாம் நன்றாகத் தெரியும் என்றுதான் ஒரு நிமிடத்துக்கு முன்புவரை நினைத்திருந்தாள். விரலை நீட்டினாள்.

"இல்ல" என்றார் டெரிக், சந்தோஷமாக.

அவள் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள்.

"அதுவும் இல்ல. ஒரு வாரம் போகட்டும், எனக்கே தெரியாது."

மோரீன் ஈரத்தில் அப்படியே மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் புல்லின் மேல் வைத்து, வெட்டின் விளிம்பு எங்காவது விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று தடவிக்கொண்டே போனாள். டெரிக் பூவாளியைத் தூக்கி, புல்நுனியில் ஒட்டியிருந்த கடைசி மண்துகளையும் அவள் கையோடு சேர்த்துக் கழுவிவிட்டார்.